கழனி வேலை செய்த கொள்ளுப்பாட்டியை எந்த ஊரில் தேடுவது?

போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் கழனி வேலை செய்து வாழ்ந்து, 1950-களில் காலமான தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டோ கிடையாது, படிப்பு கிடையாது, பெயரையே பாதிப் பேர் குப்பம்மா என்றும் பாதிப் பேர் கோவிந்தம்மா என்றும் சொல்கிறார்கள். இப்படி ஒரு சாதாரண விவசாயப் பெண்ணின் குடும்ப வரலாற்றை எங்கே போய்த் தேடுவது, தேடினால் ஏதாவது கிடைக்குமா என்பது கேள்வி.

கிடைக்கும். முப்பத்தைந்து வருஷம் ஆற்காட்டுப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான், பழைய பத்திரம் படிப்பதுதான் என் தொழிலில் பாதி. அப்படி இருந்தும் எங்கள் பெரியாயாவை, அதாவது என் தாத்தாவைப் பெற்றவரை, தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதில் நாலு வருஷம் தப்பான ஊரில் தேடியிருக்கிறேன். அவர் வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே, எங்கள் பங்காளி வீடுகளிலேயே சுற்றிச்சுற்றிக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அங்கே அவர் "இன்னார் பெண்சாதி", அவ்வளவுதான். பிறந்த ஊரில் அவர் ஒருவருக்கு மகள், நாலு பேருக்கு அக்கா தங்கச்சி, அவர்கள் பிள்ளைகளுக்கு அத்தை. அதனால் பட்டா, பத்திரம் எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர். நம் பக்கத்தில் பங்காளி வம்சம் என்று மரம் போட்டு வைத்திருப்பவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள், ஆண்கள் பெயர் ஏழு தலைமுறைக்கு இருக்கும், பெண்ணுக்கு ஊர்ப்பெயர்கூட இருக்காது. அந்த மரத்தில் அவரைத் தேடினால் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

பிறந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு அது கோடிப் புடவையில் கிடைத்தது. ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும், அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எங்கள் அத்தை (அப்பாவின் அக்கா, அப்போது எண்பது வயசு) பெரியாயாவின் ஊர் பெயரை மறந்துவிட்டார். ஆனால் அந்தச் சாவை மறக்கவில்லை. "காலையில போன உயிரு, பொழுது சாயற வரைக்கும் வச்சிருந்தாங்க. ஆத்துல தண்ணி வந்துடுச்சு, அவங்க அண்ணன் மவன் கோடி எடுத்துக்கினு அக்கரையில நிக்கறாருன்னு ஆள் வந்து சொல்லிச்சு" என்றார். ஆத்துக்கு அக்கரை! அதுவரை நான் ஆரணிப் பக்கமே தேடிக்கொண்டு இருந்தேன். பாலாற்றுக்கு வடகரையில் மாட்டு வண்டி ஒரு பொழுதில் வந்து சேரக்கூடிய ஊர்கள் என்று தேடும் வட்டம் அன்றைக்கே சுருங்கிவிட்டது.

ஆகவே வீட்டில் மூத்தவர்களிடம் "கொள்ளுப்பாட்டி எந்த ஊர்?" என்று நேராகக் கேட்டு, தெரியாது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். கோடி யார் கொண்டுவந்தார்கள்? கருமாதிக்கு மாமன் வகையில் யார் யார் வந்தார்கள்? உங்கள் தாத்தாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார வைத்தார்கள்? தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்திருப்பார்கள், அந்தத் தாய்மாமன் உங்கள் கொள்ளுப்பாட்டியின் கூடப் பிறந்தவர். கல்யாண வீட்டு மொய் நோட்டு எங்காவது பரணில் கிடந்தால் விடாதீர்கள். 1940-களிலேயே சில வீடுகளில் மொய் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பெயருக்கு முன்னால் ஊர் பெயர் இருக்கும், ஒரே ஊரில் இருந்து நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் எழுதியிருந்தால் அது மாமன் வீட்டு வகையறா ஒரே வண்டியில் வந்து இறங்கியது.

இன்னொரு வழி தலைப்பிரசவம். முதல் பிள்ளையைப் பெறப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். ஆக, உங்கள் கொள்ளுப்பாட்டியின் மூத்த பிள்ளை பிறந்த பதிவு உங்கள் கிராமக் கணக்கில் இருக்காது, அவர் பிறந்த ஊர்க் கணக்கில் இருக்கும். சென்னை மாகாணத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல் வந்தது, அந்தக் காலத்தில் கிராம அதிகாரியான மணியக்காரர்தான் எழுதுவார். பல இடத்தில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூத்த தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள், அக்கரை ஊருக்குப் பார்க்கச் சொன்ன பிறகு இரண்டாம் நாள் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் அக்கா மகளை மாமன் கட்டுவதும், அத்தை மகன் மாமன் மகள் கட்டுவதும் சர்வ சாதாரணம். உங்கள் கொள்ளுப்பாட்டி தன் மாமனையே கட்டியிருந்தால் அவர் மாமியார் அவருக்கே அம்மாவைப் பெற்ற ஆயா. அப்போது "மாமன் ஊர்" என்று வீட்டில் சொல்வது எந்த மாமனை என்று குழப்பம் வரும். ஒரு தாளில் கோடு போட்டு, ஆண் வழிக்குப் பதிலாகத் தாய் வழியில், உங்கள் ஆயா, ஆயாவைப் பெற்றவர், அவரைப் பெற்றவர் என்று மேலே போங்கள். ஒரே ஊர் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெண் எடுத்துப் பெண் கொடுத்த ஊர்கள் நாலைந்துக்குள்தான் அடங்கும்.

பெயர்ச் சண்டைக்கு வருகிறேன். குப்பம்மா, கோவிந்தம்மா இரண்டுமே சரியாக இருக்கலாம். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மா என்று பெயர் வைப்பார்கள், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. பிச்சையம்மா என்பதும் அதே காரணத்துக்கு வைப்பதுதான். அப்படியானால் உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு முன்னால் அவர் அம்மா ஒன்றோ இரண்டோ குழந்தையைப் பறிகொடுத்திருக்கிறார் என்று அந்தப் பெயரே சொல்கிறது. எந்தச் சர்க்கார் ரிக்கார்டிலும் இது இருக்காது. கோவிந்தம்மா திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயராக இருக்கலாம். அதே மாதிரி பச்சையம்மா என்றால் முனுகப்பட்டுப் பச்சையம்மன், எல்லம்மா, ரேணுகா என்றால் படவேட்டு ரேணுகாம்பாள் என்று குலதெய்வத்துக்குக் கை காட்டும். போதும்பொண்ணு, வேண்டா என்று பெயர் இருந்தால் அவருக்கு மேலே எத்தனை அக்கா என்று கேளுங்கள். ஒன்று கவனம்: இது அவருடைய பிறந்த வீட்டுச் சாமி, உங்கள் குலதெய்வம் வேறாக இருக்கும்.

இனி பத்திரம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

"எங்க பாட்டிக்கு ஏது சொத்து, அவங்க பேர்ல ஏது பத்திரம்" என்று எல்லாரும் சொல்வார்கள். சொத்து இல்லாத பெண்ணும் பத்திரத்தில் வருவாள், எப்போது வருவாள் என்று தெரிந்தால் போதும். பிரியாத குடும்பத்தில் புருஷன் செத்துப்போனால் 1937 வரைக்கும் பெண்சாதிக்குப் பங்கு கிடையாது, சோறு துணிக்கு ஜீவனாம்சம்தான். அந்த வருஷம் வந்த சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்தது. அதுவும் ஆயுசுக்கு அனுபவிக்கத்தான், நினைத்தபடி விற்க முடியாது, அதிலும் விவசாய நிலத்துக்கு அது செல்லுமா என்று தகராறு வேறு. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அவள் பேரில் இருப்பது முழுசாக அவளுடையது ஆனது. அதனால் 1956-க்கு முன்னால் ஒரு விவசாயப் பெண் பெயர் பத்திரத்தில் வந்தால் பெரும்பாலும் நாலு காரணம்தான்: பிள்ளைகள் மைனராக இருந்து அவள் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டது, கொழுந்தன்மாருடன் சண்டை போட்டு ஜீவனாம்சத்துக்கு எழுதி வாங்கியது, பிறந்த வீட்டில் மஞ்சள் காணியாகக் கொடுத்த துண்டு நிலம், ஆண்பிள்ளை இல்லாமல் தனியாகப் பிரிந்து வாழ்ந்த புருஷன் சொத்து. நாலுமே அவள் வாழ்க்கையில் பெரிய முடிச்சு விழுந்த நேரம். 1956-க்குப் பிறகு பத்திரங்களைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும், வயசான அம்மாக்கள் மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுப்பது நிறைய வரும். உங்கள் கொள்ளுப்பாட்டி அந்தக் காலத்தைத் தொட்டு இருந்திருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் பெரியாயா வந்தது கார்டியனாக. 1931-ம் வருஷத்துப் போக்கியப் பத்திரம், அதாவது நிலத்தை அனுபவிக்கக் கொடுத்துக் கடன் வாங்கியது. பதிவு அலுவலகத்துப் பெயர் அட்டவணையில் கிடைத்தது, பிறகு அசல் பத்திரமே பங்காளி வீட்டுத் தகரப் பெட்டியில் கிடைத்தது. மடிப்பில் எல்லாம் கிழிந்து, எண்ணெய்க் கறை ஏறி, அரைத் தாள் கறையான் தின்றது போக மிச்சம். "மைனர்களுக்குத் தாயும் கார்டியனுமான" என்று ஆரம்பித்து அவர் பெயர், "வயது சுமார் 40, பயிர்த்தொழில்" என்று இருந்தது. எங்கள் வீட்டில் அவரை வேலைக்காரி மாதிரிச் சொன்னார்களே தவிரப் பயிர்க்காரி என்று யாரும் சொன்னது இல்லை. பத்திரம் எழுதியவர் அப்படி எழுதியிருக்கிறார், எனக்கு அந்த ஒரு வார்த்தையில் கண் கலங்கிவிட்டது. ஒரு ஏக்கர் சொச்சம் கழனியை ஐந்து வருஷக் கெடுவுக்கு எண்பது ரூபாய்க்குப் போக்கியம் வைத்திருக்கிறார். காரணம் "சர்க்கார் கிஸ்து பாக்கி செலுத்துவதற்கும் குடும்பச் செலவுக்கும்". கிஸ்து என்றால் நிலவரி. 1930-ல் இருந்து உலகம் பூராவும் விளைச்சல் விலை படுத்துவிட்டது, நம் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) பாதி விலைக்குக்கூடப் போகவில்லை, கிஸ்து மட்டும் குறையவில்லை. புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தைத் தாண்டியவர் கையில் என்ன இருந்திருக்கும் என்று அந்த எண்பது ரூபாயை வைத்து யோசித்துப் பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் கைநாட்டு. இடது பெருவிரல் ரேகை, ஊதா மை. ரேகை வளைவுகளுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, தாள் மடிந்த இடம் என்று முதலில் நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மை ஒட்டாத தழும்பு. அத்தையிடம் கேட்டதும், "கருக்கருவா பட்டது, அந்த வெரலு மடங்காது" என்றார். கதிர் அறுக்கும்போது வலது கையில் அரிவாள், இடது கையில்தான் தாளைப் பிடிப்போம், படுவது எப்போதும் இடது கையில். எங்கள் பெரியாயாவின் போட்டோ எங்களிடம் இல்லை, அந்த விரல் இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் சாட்சிக் கையெழுத்து. முதல் சாட்சி எங்கள் ஊர்க்காரர். இரண்டாவது சாட்சி பெயருக்குப் பின்னால் ஆற்றுக்கு வடகரையில் ஒரு ஊர் பெயர். விதவைப் பெண் பத்திரம் எழுதும்போது கூடத் துணைக்கு வந்து சாட்சி போடுவது பெரும்பாலும் அண்ணனோ தம்பியோதான், புருஷன் வகையில் யாரும் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள. அத்தை சொன்ன "அக்கரை" அதோடு உறுதியானது. ஆகையால் பழைய பத்திரம் கையில் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள், சாட்சிகளின் தகப்பன் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு எல்லையும் விடாதீர்கள், "இன்னார் பெண்சாதி கொல்லைக்கு மேற்கு" என்று பக்கத்து நிலத்துக்கு எல்லையாக உங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் வந்திருக்கும். தன் பெயரில் ஒரு பத்திரம்கூட இல்லாத பெண், அடுத்தவர் பத்திரத்தில் எல்லையாக நின்றிருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தேடும் முறை: இணையத்தில் எடுக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான், அதற்கு முந்தியது சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வைக்க வேண்டும். ஆட்களின் பெயர் வாரியாக ஒரு அட்டவணை, சொத்து வாரியாக ஒரு அட்டவணை என்று இரண்டு உண்டு. நிலப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்துக்கான அட்டவணையைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது சட்டம். முடியாது, பழைய புத்தகம் பொடிந்துவிட்டது என்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், மூன்று தடவை. நாலாம் தடவை சர்வே நம்பரும் ஐந்து ஐந்து வருஷமாகப் பிரித்த காலமும் எழுதிக்கொண்டு போனேன், எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். வெறும் பெயரோடு போய் நின்றால் பெரிய புத்தகங்களைப் புரட்ட யாருக்கும் மனசு வராது.

வருவாய்த் துறைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெண் பெயர் குறைவு. அந்தக் கணக்கில் எழுதும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், ஜூலை ஒன்றில் தொடங்கும்: பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. 1980-ல் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியம் பதவிகளை எடுத்தபோது பல ஊர்களில் பழைய கணக்குக் கட்டுகள் கர்ணம் வீட்டோடு தங்கிவிட்டன, அந்த வீட்டில் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். வடக்குத் தாலுகாக்களில் கணக்கு தெலுங்கிலும் இருக்கும். உங்கள் ஊர் ஆரணி ஜாகீர் மாதிரி, சர்க்காருக்குப் பதிலாக ஒரு ஜாகீர்தார் குடும்பம் வரி வசூலித்த ஏதாவது எஸ்டேட்டுக்குள் இருந்திருந்தால் 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் பட்டா கொடுத்தது ஜாகீர்தான், தாலுகா ஆபீஸில் அதற்கு முந்தி ஒன்றும் இல்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஜில்லா எல்லையில் பலர் மோசம் போகிறார்கள். 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். அந்த வருஷம் ஏப்ரலில் சித்தூர் தனி ஜில்லா ஆகி, வேலூர் நமக்குத் தலைநகரம் ஆனது. அதே சமயத்தில்தான் திருவண்ணாமலை தென்னாற்காட்டில் இருந்தும் திருப்பத்தூர் சேலத்தில் இருந்தும் இங்கே வந்து சேர்ந்தன. ஆக, உங்கள் கொள்ளுப்பாட்டி திருவண்ணாமலைப் பக்கம் பிறந்திருந்தால் 1911-க்கு முந்திய ஜில்லாக் காகிதங்கள் தென்னாற்காடு என்ற தலைப்பில் இருக்கும். திருத்தணிப் பக்கம் என்றால் 1960 வரைக்கும் சித்தூர் ஜில்லா. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் இது தெரியாமல் வட ஆற்காட்டுக் கட்டுகளையே புரட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

வயசும் வருஷமும்: நம் கிழவிகள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொன்னது, "பாலாத்துல பெரிய வெள்ளம் வந்து அடுத்த தையில கல்யாணம்". 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துப்போட்ட வெள்ளம், இன்றைக்கும் அந்த ஊரில் நினைவு வைத்திருக்கிறார்கள். பாலாற்றில் வேறு வெள்ளமும் வந்திருக்கிறது, அதனால் அதை மட்டும் நம்பவில்லை. பத்திரத்தில் 1931-ல் வயது 40 என்றால் பிறந்தது 1891 வாக்கில், 1904 தையில் பதின்மூன்று வயசு, அன்றைக்குக் கல்யாண வயசு. இரண்டும் பொருந்திய பிறகுதான் எழுதி வைத்தேன். தாது வருஷப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அது 1876-ல் தொடங்கியது, வட ஆற்காட்டில் 1871 கணக்கைவிட 1881 கணக்கில் ஜனத்தொகை குறைந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும், 1936-ம் தாதுதான், ஒரு தலைமுறையே மாறிப்போகும். சின்ன வயசுக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அதற்கு முந்திய சில மாதங்களில் அவசர அவசரமாகச் சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் முடித்தார்கள், "சட்டம் வரப்போவுதுன்னு கட்டிவச்சாங்க" என்று யார் சொன்னாலும் அது 1929 கடைசி, 1930 தொடக்கம். பிறந்த ஜாதகம் இல்லாவிட்டால் ருது ஜாதகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்பிள்ளை பிறந்த நேரத்தைக் குறிக்காத வீட்டில்கூட வயசுக்கு வந்த நேரத்தைக் குறித்து வைத்திருப்பார்கள்.

நிலமே இல்லாத, கூலிக்கும் படியாளாகவும் கழனியில் வேலை செய்த பெண்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கு மேலே சொன்ன பத்திரம் எல்லாம் உதவாது. ஆனால் அவர்களைப் பற்றிய எழுத்து வேறு இடத்தில் இருக்கிறது, சில சமயம் நிலம் இருந்தவர்களைவிட நன்றாகவே இருக்கிறது. கோலார் தங்க வயலுக்கு 1880-களில் இருந்து வட ஆற்காட்டுக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போயின, கிராமத்தில் மறந்துபோன பெண்ணின் பெயர் அங்கே குடியேறிய அண்ணன் தம்பி வீட்டில் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது, 1911-க்குள் சுமார் 1,52,000 பேர், அதில் நம் ஜில்லாக்காரர்கள் நிறைய. அந்தக் கப்பல் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயர், தகப்பன் பெயர், வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம், ஜாதி, அங்க அடையாளம் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள், கையில் பச்சை குத்தியிருந்தால் அதுவும் உண்டு. மொரீஷியஸ் போனவர்கள் காகிதம் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கிறது, பலருக்குப் புகைப்படமே உண்டு. எழுத்துகள் இங்கிலீஷ்காரன் காதில் விழுந்தபடி இருக்கும், ஊர் பெயரை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். கிறிஸ்தவ வழி இருந்தால் கோயில் புத்தகங்களைப் பாருங்கள். கத்தோலிக்கர் என்றால் நம் பக்கத்துச் சேத்துப்பட்டு (சென்னையில் இருப்பது இல்லை), சி.எஸ்.ஐ. என்றால் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் சபைகள். ஞானஸ்நானப் பதிவில் அம்மா பெயரும் எழுதுவார்கள், நமக்கு அதுதானே வேண்டும்.

பெயரும் வருஷமும் கிடைத்தால் வரலாறு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள், அதைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. கழனியா கொல்லையா? ஏரிப் பாசனமா, கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையா? கவலை ஓட்டுவது ஆண், மடை திருப்புவது பெண், விடியற்காலை மூணு மணிக்கே போயிருப்பார். கேழ்வரகு எந்தக் கல்லில் திரித்தார், அந்த எந்திரக்கல் இப்போது எந்த வீட்டு வாசலில் படியாகக் கிடக்கிறது? நடவுக்கு அவர் பாடின பாட்டு யாருக்காவது ஒரு அடி தெரியுமா? மல்லாட்டை ஆய்ந்ததற்குப் படிக்கணக்கா காசா? செய்யாறுப் பக்கத்தில் தூசி கிராமத்தை 1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் ஆய்வு செய்ய வைத்தார், 1930-களில் மறுபடியும் அதே ஊரைப் பார்த்தார்கள். அது உங்கள் ஊர் இல்லைதான், ஆனாலும் அந்தக் காலத்தில் வட ஆற்காட்டு ஏரிப் பாசன ஊர் எப்படி இருந்தது என்று ஓரளவு பிடிபடும், உங்கள் வீட்டில் கேட்ட கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் விஷயத்தில், சாட்சிக் கையெழுத்தில் இருந்த அக்கரை ஊருக்கு அந்தத் தையிலேயே போனேன். கையில் வெற்றிலை பாக்கும் பத்திரத்து நகலும். அந்த அண்ணன் பேரன் வீட்டைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டு அம்மா உள்ளே திரும்பி, "தண்ணி தாண்டிக் கட்டிக் கொடுத்த அத்தை வீட்டு ஆளு வந்திருக்காங்க" என்றார். எழுபது வருஷத்துக்கு மேல் போக்குவரத்து இல்லை, அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். அவர் சின்ன வயசில் ஓட்டிய எருமைக்குப் பெயர் என்ன என்பதுவரை சொன்னார்கள்.

உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு வருவோம். மூத்த பிள்ளை எங்கே பிறந்தார், கோடி எந்த ஊரில் இருந்து வந்தது, இந்த இரண்டையும் இந்த வாரமே வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுவிடுங்கள். போளூர் பக்கம் எந்த ஊர் என்று சொன்னால், அது அன்றைக்குச் சர்க்கார் கிராமமா, ஜாகீருக்குள் இருந்ததா, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.